பேசி முடித்த வீடு வெள்ளிக்கிழமை ராத்திரி கைநழுவியது; இப்போது இன்னொரு வீட்டுக்கு 48 மணி நேரக் கெடு. டோக்கன் கொடுக்கலாமா?

நங்கநல்லூர்_வாடகை · வியாழன், இரவு 10.52

சென்னையில் சொந்தமாக வாங்குவதற்குப் பதினான்கு மாதமாக வீடு தேடுகிறோம். நானும் மனைவியும் இதுவரை 43 வீடு பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘ஏன் போச்சு’.

நாங்கள் கேட்பது மாளிகை இல்லை. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை, 900-1000 சதுர அடி, ஒரு கார் நிறுத்த இடம், பையனின் பள்ளிக்கு அரை மணிக்குள் போகும் தூரம். அவ்வளவுதான். ஆரம்பித்தபோது பட்ஜெட் 75 லட்சம். நாங்கள் முக்கி முனகி பத்து லட்சம் ஏறுவதற்குள் வீடுகள் பதினைந்து ஏறிவிட்டன.

கைநழுவியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் வீடு நங்கநல்லூரில். 82க்குப் பேசி முடித்தோம். வீட்டம்மா காபி கொடுத்து, பூஜை அறையைக் காட்டி, “உங்கள மாதிரி குடும்பத்துக்குத்தான் கொடுக்கணும்னு இருந்தோம்” என்றார். ஞாயிறு நல்ல நாள், டோக்கனோடு வாருங்கள் என்றார்கள். வெள்ளி இரவு ஒன்பதரைக்குத் தரகரிடமிருந்து போன். “சார், வேற பார்ட்டி 86 சொல்லி, ரெண்டு லட்சத்தை அங்கேயே வச்சுட்டுப் போயிட்டாங்க.” நானும் 86 தருகிறேன் என்றேன். “இப்ப கேட்டா நல்லா இருக்காது சார்” என்றார். எங்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றினால் மட்டும் நன்றாக இருக்குமாம்.

இரண்டாவது வீட்டின் பத்திர நகலை வக்கீலிடம் கொடுத்திருந்தேன். பத்தாம் நாள் அவர் “தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய உரிமைப் பத்திரம், ஒன்று குறைகிறது, கேட்டு வாங்குங்கள்” என்றார். கேட்கப் போனால் வீடு விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

மூன்றாமவர் 88 கேட்டார். 55 பத்திரத்தில், 33 ரொக்கமாகப் பையில். அதற்குமேல் அங்கே உட்காரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆதம்பாக்கத்தில் ஒரு வீடு. 2009இல் கட்டியது, மொத்தம் ஆறே வீடு, முதல் மாடி, 940 சதுர அடி, யூடிஎஸ், அதாவது மனையில் அந்த வீட்டுக்கு வரும் பங்கு, 470 சதுர அடி. கேட்பது 87 லட்சம். பால்கனிக்கு நேரே ஒரு வேப்பமரம், சாயந்திரக் காற்று நேராக உள்ளே வருகிறது. மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். விற்பவரின் அப்பா பெயரில் இருந்த வீடு. அப்பா இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். சனிக்கிழமை இரவுக்குள் ஐந்து லட்சம் டோக்கன் கொடுத்தால் எங்களுக்கு, இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு. வக்கீல் ஒரு வாரம் கேட்கிறார். வில்லங்கச் சான்று நானே இணையத்தில் எடுத்தேன், சுத்தமாக இருக்கிறது.

கொடுத்துவிடலாமா? மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியை எங்களால் தாங்க முடியாது.

சும்மா_இரு · வியாழன், இரவு 11.20

எதற்கு இந்த ஓட்டம்? கணக்குப் போட்டீர்களா? 87 லட்சத்தில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும். கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் அதுவும் 75 சதவீதமாகக் குறையும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்தக் கணக்கில் சேராது, அது உங்கள் கைக்காசு. உங்கள் பங்கு 17.40 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதத்துக்கு 7.83 லட்சம். தரகு 1 சதவீதம். 26 லட்சத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவீர்கள். மீதி 69.60 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை 60,000க்கு மேல்.

இப்போது என்ன வாடகை கொடுக்கிறீர்கள்?

நங்கநல்லூர்_வாடகை · வியாழன், இரவு 11.24

22,000.

சும்மா_இரு · வியாழன், இரவு 11.31

வருடத்துக்கு 2.64 லட்சம். அந்த வீட்டின் விலையில் 3 சதவீதம். எட்டரைக்குக் கடன் வாங்கி மூன்று சதவீதம் தரும் பொருளை வாங்கப் போகிறீர்கள், அதற்கும் அடிதடி. பேசாமல் இருங்கள் சார்.

நங்கநல்லூர்_வாடகை · வியாழன், இரவு 11.45

ஐந்து வருடத்தில் இரண்டு முறை காலி செய்யச் சொன்னார்கள் சார். ஒரு முறை மகளுக்குக் கல்யாணம், ஒரு முறை மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அந்த மகன் இன்னும் வரவில்லை. அதே வீடு 28,000க்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேஸ் முகவரி, ஆதார் முகவரி, பள்ளி வேன், எல்லாம் முதலிலிருந்து. சுவரில் ஆணி அடிக்கலாமா என்று ஒருவரைக் கேட்டு வாழ்வதற்கு உங்கள் கணக்கில் எத்தனை சதவீதம் போடுவீர்கள்?

சும்மா_இரு · வியாழன், இரவு 11.47

சரி, அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

தரகன்_தாம்பரம் · வெள்ளி, காலை 7.15

நான் தரகன். இந்த இழையில் அடுத்து எங்களுக்குத்தான் பூசை என்று தெரிந்ததால் நானே வந்துவிட்டேன்.

ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் சொந்தக்காரர் ஒரு தரகரிடம் மட்டும் சொல்லமாட்டார். ஐந்து பேரிடம் சொல்வார், இணையத்திலும் போடுவார், தெருமுனை மளிகைக் கடையிலும் சொல்லி வைப்பார். ஐந்து தரகரும் ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிப் போவோம். நான் பேசி முடித்த வீட்டை இன்னொருவர் இரண்டு லட்சம் அதிகம் காட்டி முடித்தால் எனக்கும் பூஜ்யம்தான். மூன்று மாதம் பெட்ரோல் போட்டுச் சுற்றிவிட்டு வெறும் கையோடு போன கதை என்னிடமும் நிறைய உண்டு. ‘பேசி முடித்தோம்’ என்பதற்கு இந்த ஊரில் மதிப்பே கிடையாது தம்பி. காசு கைமாறி, கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு.

ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன்: ‘வரிசையில் இன்னொரு பார்ட்டி நிற்கிறது’ என்று நாங்கள் சொல்வதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனால் 48 மணி நேரத்தில் ஐந்து லட்சம் என்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. வழக்கமாக டோக்கன் ஒரு லட்சம். அப்புறம் பத்திரம் பார்க்க பத்து நாள். பிறகு கிரய ஒப்பந்தத்தின்போது மொத்தத்தில் பத்து சதவீதம் வரை. மூன்று மாத அவகாசம். அந்த அவசரத்துக்கு என்ன காரணம் என்று விசாரியுங்கள். கடன் தொல்லையாக இருக்கலாம், வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

சேலையூர்_அத்தை · வெள்ளி, காலை 9.02

விற்கிறவங்க கதையையும் கேளுங்கப்பா. போன வருஷம் நாங்க சேலையூர் வீட்டை விற்றோம். வீடு பார்க்க வந்தவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கவே முடியாது. ஒருத்தர் காம்பஸ் வைத்துப் பார்த்துவிட்டு வாசல் பத்து டிகிரி தள்ளி இருக்கிறது என்றார். இருபது வருஷம் அந்த வாசலில்தான் நான் கோலம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. தெருக்குத்து என்று ஒருத்தர் போனார். ஆடி கழியட்டும் என்று போன இரண்டு பேர் ஆவணியில் போனையே எடுக்கவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம், ஒரு பையன் டோக்கன் கொடுத்து இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் வங்கி கடன் தரவில்லை என்று வந்து நின்றான். கிரெடிட் கார்டு பாக்கி ஏதோ இருந்ததாம். அந்த இரண்டு மாதத்தில் வந்த மூன்று பேரை நாங்கள் திருப்பி அனுப்பியிருந்தோம். கடைசியில் இரண்டு லட்சம் குறைவாகக் கேட்டவருக்குத்தான் கொடுத்தோம். ஏன் தெரியுமா? வங்கியிலிருந்து ‘இவருக்கு இவ்வளவு கடன் தருவோம்’ என்று முன்கூட்டியே வாங்கிய கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

தம்பி, நீங்கள் அந்தக் கடிதம் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் 43 வீட்டில் சிலது அதனால்கூடப் போயிருக்கும்.

நங்கநல்லூர்_வாடகை · வெள்ளி, காலை 9.40

இல்லை அத்தை. வீடு முடிவானதும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இன்று மதியமே வங்கிக்குப் போகிறேன்.

ஹரோ_தமிழன் · வெள்ளி, மதியம் 1.10

வாக்கு மாறுவது உங்கட ஊரில மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. நான் லண்டனில் வீடு வாங்க வெளிக்கிட்டு இரண்டு தரம் அடிபட்டவன். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் உங்கட விலையை ஏற்றுக்கொண்டாலும், இரண்டு பக்கச் சொலிசிட்டர்களும் (வக்கீல்மார்) ஒப்பந்தத்தைப் பரிமாறும் வரைக்கும் ஒருத்தரையும் சட்டம் கட்டாது. அதற்கிடையில் இன்னொருத்தர் கூட்டிக் கேட்டால் வீடு போய்விடும். இதற்குக் ‘கசம்பிங்’ எண்டு பெயரே வைத்திருக்கினம். வீட்டைச் சோதிக்கிற சேர்வேக்குக் கட்டின காசும் சொலிசிட்டர் காசும் எங்கட தலையில்தான்.

ஒரே வித்தியாசம், நாங்கள் தோற்ற பிறகும் பத்திரம் பார்க்காமல் காசு குடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை.

மேடவாக்கம்_மழை · வெள்ளி, மதியம் 2.35

நான் மேடவாக்கத்தில் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்போது எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே விலைப்பட்டியல்: மெட்ரோ தூண் தெரிந்தால் பத்து லட்சம் கூட, தூண் தெரியாவிட்டால் ‘நடக்கிற தூரம்’ என்று எட்டு லட்சம் கூட. மாதவரம்-சோழிங்கநல்லூர் தடத்தில் ரயில் ஓடுகிறதோ இல்லையோ, விலை அதற்கு முன்பே ஓடிவிட்டது.

என் யோசனை ஒன்றே ஒன்று: வீட்டை மழையில் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரு கதை வேறு. ஒரு தெருவில் படகு ஓடியபோது அடுத்த தெருவில் பால்காரர் சைக்கிளில் வந்தார். விற்பவரைக் கேட்டால் ‘வாசல் வரைதான் வந்தது’ என்பார், எல்லா வீட்டிலும் வாசல் வரைதான் வந்திருக்கும். தெருமுனையில் துணி தேய்க்கிறவரைக் கேளுங்கள். அவர் வண்டியை எங்கே நகர்த்தி வைத்தார் என்று சொல்வார், அங்கேதான் தண்ணீர் வராத இடம். அப்புறம் மின்சார மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, சமீபத்தில் உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கோடை வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா வீடும் நல்ல வீடுதான்.

பத்திரப்புழு · வெள்ளி, மாலை 4.50

பத்திர எழுத்தர் அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். பதிவை இரண்டு முறை படித்தேன். ஒரு வரி இடிக்கிறது.

‘அப்பா பெயரில் இருந்த வீடு, அப்பா தவறிவிட்டார், வில்லங்கச் சான்று சுத்தம்’ என்கிறீர்கள். எனக்கு அந்தச் சுத்தம்தான் பயமாக இருக்கிறது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். மனிதர் இறந்தது வராது, வாரிசு யார் யார் என்பது வராது, பதிவு செய்யாத உயில் வராது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒருவர் போனால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார், எல்லாருக்கும் சமபங்கு. மகளுக்குச் சீர் செய்தாயிற்று என்ற பேச்செல்லாம் செல்லாது. இவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்து, அவர்கள் பங்கை இவருக்கு விட்டுக்கொடுத்திருந்தால் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகியிருந்தால் உங்கள் கையில் இருக்கும் சான்றில் அது ஒரு வரியாக வந்திருக்கும். வரவில்லையே.

ஒரே பிள்ளை, தாயாரும் பாட்டியும் இல்லை என்றால் பிரச்சினையில்லை. அதனால் இன்றே மூன்று காகிதம் கேளுங்கள்: இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, உயில் இருந்தால் உயில். இது வக்கீலுக்கு ஒரு வார வேலை இல்லை, பத்து நிமிடம்.

இன்னொன்று. இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான் கிடைக்கும். மனையின் தாய்ப்பத்திரம் அதற்கு முந்தியது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடி எடுக்கத் தனியாக மனு போட வேண்டும்.

டோக்கன் கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஒரு லட்சம், வங்கி வழியாக. ‘சட்ட ஆய்வில் உரிமை சரியில்லை என்றால் ஏழு நாளில் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று ஒரு பக்கம் எழுதி எல்லா வாரிசும் கையெழுத்துப் போடவேண்டும். ரொக்கமாகக் கேட்டால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வீட்டுக்கு முன்பணமாக ரொக்கத்தில் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்லிப்பாருங்கள்.

கணக்கன்_குரோம்பேட்டை · வெள்ளி, மாலை 6.05

அந்த 55-33 ஆசாமியை விட்டது நல்லது. பத்திரத்தில் 55 போட்டால் வங்கியும் 55க்குத்தான் கடன் தரும், 33 லட்சத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 55 என்றுதான் எழுதியிருக்கும், அவர் தப்பித்த வரியையும் சேர்த்து நீங்கள் கட்டுவீர்கள்.

50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் வேலை. வாரிசுகளில் யாராவது வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு இந்த ஒரு சதவீதக் கணக்கு செல்லாது, பிடித்தம் பல மடங்கு. யாரெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நங்கநல்லூர்_வாடகை · வெள்ளி, இரவு 10.15

நேரில் போய்க் கேட்டேன். ஒரு அக்கா இருக்கிறார், ஹைதராபாத்தில். அம்மாவும் இருக்கிறார், இவரோடுதான். நாங்கள் வீடு பார்க்கப் போனபோது உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். உயில் இல்லை. வாரிசுச் சான்று ‘அப்ளை பண்ணியிருக்கோம்’.

“அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்க சார், ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுவாங்க” என்கிறார். அதுவும் முறைதானே? மனைவி அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நானும்தான்.

பத்திரப்புழு · வெள்ளி, இரவு 10.38

முறைதான். மூவரும் சேர்ந்து விற்றால் விடுதலைப் பத்திரமே வேண்டாம். ஆனால் அப்படியானால் இன்றைக்கே மூவரும் விற்பவர்கள். ஐந்து லட்சத்துக்கான காகிதத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவர் உங்களுக்கு விற்பது மூன்றில் ஒரு பங்கு. அந்த வேப்பமரம் யார் பங்கில் வரும் என்று தெரியாது.

அக்காவிடம் ஐந்து நிமிடம் போனில் பேசவேண்டும் என்று கேளுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

நங்கநல்லூர்_வாடகை · சனி, இரவு 9.20

நாள் முழுக்க நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் விற்பவரிடம் அக்காவின் எண் கேட்டேன். அவர் பிசி, அப்புறம் தருகிறேன் என்றார். பதினோரு மணிக்கு மறுபடி கேட்டேன். “நம்பிக்கை இல்லேன்னா விடுங்க சார்” என்றார். மதியம் நேரில் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அம்மா கதவைத் திறந்தார். நான் எதுவும் கிளறவில்லை, அக்காவிடம் பேச முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவரே தன் போனில் போட்டுக் கொடுத்தார்.

அக்கா நல்ல மாதிரிதான் பேசினார். நான் யார் என்று சொன்னதும் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எந்த வீடு? அம்மா இருக்கற வீடா?” என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். நாலு மணிக்கு விற்பவர் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். குடும்பத்தைப் பிரித்துவிட்டேனாம். ஏழு மணிக்குத் தரகர்: “அந்த இன்னொரு பார்ட்டி அஞ்சு லட்சம் கொடுத்துட்டாங்க சார்.”

ஆக, நிஜமான பாதிதான்.

தப்பித்தோம் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, அவள் திரைச்சீலைக்கு அளவெடுத்து எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். கிழிக்கவில்லை.

சும்மா_இரு · சனி, இரவு 9.33

வருத்தமாக இருக்கிறது சார். இன்றைக்கு நான் கணக்குப் பேசவில்லை.

சேலையூர்_அத்தை · சனி, இரவு 9.50

அந்த ஐந்து லட்சம் கொடுத்தவர்களுக்கு யாராவது சொன்னீர்களா? அவர்களும் உங்களை மாதிரி ஒரு குடும்பமாகத்தானே இருக்கும்.

நங்கநல்லூர்_வாடகை · சனி, இரவு 10.04

அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது அத்தை. தரகரிடம் சொன்னேன், அக்காவுக்கே விஷயம் தெரியாது, அவர்களை எச்சரியுங்கள் என்று. “தெரியும் சார், அதெல்லாம் பேசிக்கலாம்” என்றார்.

தரகன்_தாம்பரம் · சனி, இரவு 10.20

அந்த ஆள் நான் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அடுக்ககச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாங்குபவர் பராமரிப்புப் பாக்கி உண்டா என்று கேட்க அவரிடம் கட்டாயம் வருவார்.

நங்கநல்லூர்_வாடகை · சனி, இரவு 10.41

நல்ல யோசனை. காலையில் செய்கிறேன்.

வங்கிக் கடிதத்துக்கு மனு கொடுத்தாயிற்று, புதன்கிழமை கிடைக்கும். எக்செல்லில் 43ஆம் வரியில் ‘ஏன் போச்சு’ கட்டத்தில் ‘அக்கா’ என்று எழுதினேன்.

சிட்லபாக்கத்தில் ஒன்று வந்திருக்கிறது, 79 லட்சம், தரைத்தளம். அடுத்த சனிக்கிழமை வந்தால் போதும் என்கிறார்கள். நாளைக்கு நல்ல மழை இருக்கும் என்று செய்தியில் சொன்னார்கள், அதனால் நாளைக்கே போகிறோம். ஏரிப்பக்கம் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள் காலை எட்டு மணிக்குள் எழுதுங்கள்.